இது எந்த அலுவலகத்தின் வேலை என்று கேட்டுத் தேடுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு வீட்டில் புதிதாக போர் போட்டுத் தண்ணீர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடிக்கலாமா கூடாதா என்று வீட்டில் ஒருவர் கைபேசியில் தேடுகிறார். முதலில் வருவது ஆர்ஓ விற்கும் கம்பெனிகளின் விளம்பரம். அடுத்து யூடியூப் காணொளிகள். அதற்கும் கீழே, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியாத கட்டுரைகள். அரை மணி நேரம் படித்தால் பயம் கூடியிருக்கும், தெளிவு வந்திருக்காது.

இத்தனைக்கும் அந்த வட்டாரத்து நிலத்தடி நீரை அரசு பல ஆண்டுகளாக அளந்து வருகிறது. அளந்ததை வெளியிட்டும் இருக்கிறது. நம் வரிப்பணத்தில் எடுத்த அளவுகள். காசு கொடுக்காமல் படிக்கலாம். பிறகு ஏன் கண்ணில் படுவதில்லை? அரசு அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பிடிஎஃப் கோப்புகளாக, அலுவலக நடையில் தலைப்பிட்டுக் கிடக்கின்றன. 'என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா' என்று எந்த அறிக்கைக்கும் தலைப்பு இருக்காது. விற்பவருக்குத் தன் பக்கம் முதலில் வந்தாக வேண்டும். அளப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதனால் சொல்லைத் தட்டித் தேடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்: இதை அளப்பது, பதிவது, வரையறுப்பது எந்த அலுவலகத்தின் வேலை? அந்த அலுவலகத்தின் பெயர் தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்தது. அறிவியல், தொழில்நுட்பம் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்விக்கும் இந்த வழி பொருந்தும். முழுதாகப் புரிய அந்த போர் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் பெரிய சிக்கல் ஃபுளோரைடு. அங்குள்ள கருங்கல், நைஸ் பாறைகளில் இருக்கும் சில கனிமங்களில் ஃபுளோரின் உண்டு. தண்ணீர் அந்தப் பாறைவெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும்போது அது கரைந்து சேர்கிறது. அளவு மீறிய நீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் கறை படியும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பிறந்ததே இதனால்தான். அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது.

இப்போது 'யார் வேலை' என்று கேட்டுப் பாருங்கள். நிலத்தடி நீரை அளப்பது மத்திய நிலத்தடி நீர் வாரியம். பாறையின் தன்மையை ஆராய்வது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். அதன் 'பூகோஷ்' தளத்தில் நிலவியல் வரைபடங்கள் கிடைக்கும். எவ்வளவு இருந்தால் குடிக்கலாம் என்று வரையறுப்பது இந்திய தர நிர்ணய அமைவனம். குழாயில் நீர் கொடுப்பதும் மாவட்ட ஆய்வகங்களில் சோதிப்பதும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஃபுளோரைடை நீக்கும் வழிகளை ஆராய்வது நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், சுருக்கமாக நீரி. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து நீக்கும் 'நல்கொண்டா முறை' அங்கே உருவானதுதான். உடலுக்கு என்ன ஆகும் என்பது மருத்துவ ஆராய்ச்சி அமைப்புகளின் வேலை. ஒரே கேள்விக்கு ஆறு கதவுகள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் தரும் அரசுத் தளம் என்று ஒன்று இல்லை. அப்படி ஒன்றைத் தேடித்தான் பலர் களைத்துப்போகிறார்கள்.

நிலத்தடி நீர் வாரியத்தின் தளத்தில் மாவட்டவாரியான அறிக்கைகளும் நீர்த்தாங்கு படுகை வரைபட அறிக்கைகளும் இருக்கின்றன. அவற்றில் உங்கள் ஒன்றியத்தின் பெயர் வருகிற அட்டவணையைக் கண்டுபிடித்ததும் நேராக எண்ணுக்குப் போய்விடாதீர்கள். முதலில் அந்த மாதிரி எந்த மாதம் எடுத்தது என்று பாருங்கள். வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. நீரின் தரத்துக்கான மாதிரியைப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன் எடுக்கிறது. அடுத்து, அது திறந்த கிணறா, குழாய்க் கிணறா, எத்தனை ஆழம் என்று பாருங்கள். பாறை நிலத்தில் இரண்டு வெடிப்புகளின் நீர் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றில் ஃபுளோரைடு 0.8 என்றிருந்தால் உங்கள் போரிலும் 0.8 இருக்கும் என்று பொருளல்ல. இந்த வட்டாரத்தில் சோதிக்காமல் குடிக்கக் கூடாது, அல்லது பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை என்ற அளவுக்குத்தான் அறிக்கை வழிகாட்டும். மூன்றாவது, அலகு. பழைய அறிக்கைகளில் பிபிஎம் என்றிருக்கும். புதியவற்றில் லிட்டருக்கு மில்லிகிராம். குடிநீரைப் பொறுத்தவரை இரண்டும் நடைமுறையில் ஒன்றுதான்.

இனி வரையறை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. இப்போது வழக்கிலுள்ளது 2012-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதன் திருத்தங்களும். இந்தியத் தரநிலைகளை ஒரு காலத்தில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இன்று தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தொடங்கி எத்தனையோ தரநிலைகள் அங்கே கிடைக்கின்றன. வீடு கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

ஐஎஸ் 10500 அட்டவணையில் பல பொருள்களுக்கு இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீர் கிடைக்காதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. ஃபுளோரைடுக்கு 1.0, 1.5. மொத்தக் கரைபொருள்கள், அதாவது எல்லோரும் டிடிஎஸ் என்று சொல்வது, 500, 2000. மொத்தக் கடினத்தன்மை 200, 600. நைட்ரேட்டுக்கு 45, அதற்குத் தளர்வே கிடையாது. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். இந்த இரண்டு எண்களில் தனக்குத் தோதானதை மட்டும் எடுத்துச் சொல்லி வியாபாரமும் நடக்கிறது, வாதமும் நடக்கிறது. 500-ஐத் தாண்டினாலே விஷம் என்பார் ஒருவர். 2000 வரை கவலையே இல்லை என்பார் இன்னொருவர். தரநிலையைத் திறந்து அந்த இரண்டு தலைப்புகளையும் படித்தவரை இருவருமே ஏமாற்ற முடியாது.

டிடிஎஸ் மீட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்து பேனா மாதிரிக் கருவியைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுவார்கள். அந்தக் கருவி அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை; அதிலிருந்து கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அந்த மொத்தத்தில் எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டிடிஎஸ் 400 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 2 இருக்கலாம். கருவியில் அது தெரியவே தெரியாது. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுகிற அளவுக்கு அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே கடைசியில் உங்கள் நீரை ஓர் ஆய்வகத்தில் கொடுத்துத்தான் தீர வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தின் நீர்த்தரத் தகவல் தளத்தில் மாவட்டவாரியாக ஆய்வகங்களின் பட்டியலும், சோதித்த மாதிரிகளின் விவரமும் இருக்கின்றன.

தேடும் கைப்பழக்கத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. தேடுபொறியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, அதை ஒட்டி கவ் டாட் இன் என்று ஆங்கிலத்தில் அடித்தால், இந்திய அரசு முகவரிகளில் உள்ள பக்கங்கள் மட்டும் வரும். அதே முறையில் 'ஃபைல்டைப்' என்று அடித்து பிடிஎஃப் என்று சேர்த்தால் அறிக்கைகள் மட்டும் வரும். அறிக்கையின் பெயர் சரியாகத் தெரிந்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்கள் பல ரெஸ் டாட் இன் என்ற முகவரியிலும் பல்கலைக்கழகங்கள் ஏசி டாட் இன்னிலும் இருப்பதால் அவற்றையும் தனியே தேட வேண்டும்.

ஊர்ப் பெயரில் எப்போதும் கவனம் வேண்டும். தூத்துக்குடி என்று தேடினால் பாதிதான் வரும். மீதி ட்யூட்டிகோரின் என்ற பழைய பெயரில் இருக்கும். காஞ்சிபுரம், விழுப்புரம், திருச்சிராப்பள்ளி ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. எழுத்துக்கூட்டலைவிடப் பெரிய சிக்கல் மாவட்டப் பிரிவினை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முந்தைய தகவல் எல்லாம் தர்மபுரி என்ற பெயரில் இருக்கும். தர்மபுரியே 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். ஆகவே 1960-களின் தொடக்கத்து அறிக்கை வேண்டுமென்றால் சேலம் என்று தேட வேண்டும். 2019-இல் பிரிந்த தென்காசிக்குத் திருநெல்வேலியையும், ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் வேலூரையும், கள்ளக்குறிச்சிக்கு விழுப்புரத்தையும் பாருங்கள். 'எங்கள் மாவட்டத்துக்குத் தகவலே இல்லை' என்ற குறை பல நேரம் இதனால்தான் வருகிறது.

தமிழில் தேடும்போது இன்னொரு தடை. ஒருங்குறி பரவுவதற்கு முன் வந்த தமிழ் ஆவணங்கள் பல, அவரவர் வைத்திருந்த எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும்; ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கொட்டும். கணினிக்கு அது தமிழே அல்ல, ஆகவே தமிழில் தேடினால் அகப்படாது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய தமிழ்க் கையேடுகளைச் சொல்லைக் கொண்டு தேடாமல், துறையின் தளத்துக்குள் நுழைந்து வெளியீடுகள் பட்டியலில் நேரே பார்ப்பது நல்லது. ஒளிப்படமாக வருடி ஏற்றிய பழைய ஆங்கில அறிக்கைகளுக்கும் இதே வழிதான். அரசு தன் மக்களின் மொழியில் எழுதியதை அந்த மக்களாலேயே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது வருத்தமான விஷயம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை யாராவது உடனே கையில் எடுக்க வேண்டும்.

முகவரியைச் சரிபார்ப்பது பற்றிச் சுருக்கமாக. முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியைப் பின்னாலிருந்து படியுங்கள். அந்தப் பகுதி கவ் டாட் இன் அல்லது நிக் டாட் இன் என்று முடிந்தால் அரசுத் தளம். கவ் என்பது நடுவில் எங்கோ வந்து, முடிவு டாட் காம் என்றிருந்தால் அரசுத் தளம் அல்ல.

அரசுத் தளம் என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இது அரசின் கூற்றா, அல்லது அரசு வைத்திருக்கும் அலமாரியில் உள்ள இன்னொருவரின் கூற்றா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் நடக்கும் தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. பப்மெட் என்ற தளத்தை அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது. உலகெங்கும் வரும் மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரைகளின் சுருக்கங்கள் கோடிக்கணக்கில் அங்கே இருக்கின்றன. அது ஓர் அட்டவணை. எலிகள்மீது நடந்த சின்னஞ்சிறு ஆய்வும் அதில் இருக்கும். பல்லாயிரம் பேரிடம் நடந்த சோதனையும் இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் அது 'இந்த மூலிகை சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டது' என்றாகிவிடுகிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதே நூலகம் பொதுமக்களுக்காகவே நடத்தும் மெட்லைன்பிளஸ் தளம் வேறு. அங்கே நோய்களையும் மருந்துகளையும் பற்றி எளிய ஆங்கிலத்தில் சரிபார்த்து எழுதியிருப்பார்கள். படிப்பதென்றால் முதலில் அதைப் படியுங்கள்.

நம் ஊரிலும் இப்படித்தான். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதியும் சிடிஆர்ஐ பதிவேட்டை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த நிறுவனம் நடத்துகிறது. 2009-இலிருந்து பதிவு கட்டாயம். ஒரு மருந்துக்கு அதில் பதிவு எண் இருக்கிறது என்றால் சோதனை நடக்கிறது என்றுதான் பொருள், மருந்து வேலை செய்கிறது என்றல்ல. காப்புரிமையும் அப்படியே. கருவி புதுமையானது, முன்பு யாரும் செய்யாதது என்பதற்குக் காப்புரிமை சான்று; அது சொன்னபடி தண்ணீரைச் சுத்தமாக்கும் என்பதற்குச் சான்று அல்ல. விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுக் காப்புரிமை பெற்றதாகச் சொல்கிறார்களா என்பதை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொண்டு யாரும் பார்க்கலாம்.

ஷோத்கங்கா இதில் இரண்டுக்கும் இடைப்பட்டது. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் உள்ளன. மின்வடிவில் ஆய்வேடு கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி செய்ததன் பலன் இது. தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும். ஆனாலும் நான் இதைப் பெரிதும் மதிக்கிறேன். ஒரே ஒரு வட்டத்தின் கிணறுகளை ஊர் ஊராகச் சுற்றி அளந்த வேலை பெரிய அறிக்கைகளில் கிடைக்காது, இங்கே கிடைக்கும். முடிவுரையை நம்புவதற்கு முன் பின்னிணைப்பிலுள்ள அட்டவணையையும் மாதிரி எடுத்த முறையையும் பாருங்கள். நல்ல ஆய்வாளரின் உழைப்பு அங்கேதான் தெரியும்.

வேறு துறைகளில் 'யார் வேலை' என்பதற்கு விடை தெரிந்திருந்தால் சட்டென்று போய்விடலாம். புயல் என்றால் இந்திய வானிலை ஆய்வுத் துறை. 1891-இலிருந்து வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வந்த புயல்களின் பாதையை வரைந்து காட்டும் மின் அட்லஸ் சென்னை மண்டல மையத்தில் உருவானது. கடல் என்றால் ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ். சுனாமி எச்சரிக்கை மையமும் மீன் கிடைக்கும் பகுதிகளின் அறிவிப்பும் அங்கிருந்துதான். பயிர், பூச்சி, உரம் என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம். அது தமிழிலேயே படிக்கக் கிடைக்கிறது. இந்திய அறிவியல் ஆய்விதழ்களுக்கு சிஎஸ்ஐஆர் நிறுவனமான நிஸ்பிஆரின் நோப்பர் களஞ்சியம்.

ஊர் ஏரி எப்படிச் சுருங்கியது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் எர்த்எக்ஸ்ப்ளோரர் தளம் ஒரு புதையல். 1972-இலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் அங்கே இருக்கின்றன. 2008 முதல் எல்லாம் இலவசம். அதற்கும் முன், 1960-களில் உளவுக்காக எடுத்த கரோனா செயற்கைக்கோள் படங்களின் ரகசியத்தை 1995-இல் நீக்கினார்கள். அவற்றையும் அங்கே தேடலாம். நாசா போன்ற அமெரிக்க மத்திய அரசு அமைப்புகளின் ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதுவதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை என்பதால், அங்குள்ள அறிவியல் அறிக்கைகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பலருக்குத் தோன்றாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நாடாளுமன்றம். உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அமைச்சர்கள் எழுத்தில் தரும் பதில்களோடு மாநிலவாரி, மாவட்டவாரி அட்டவணைகளை இணைத்திருப்பார்கள். ஃபுளோரைடு, ஆர்செனிக், ஆராய்ச்சி நிதி, செயற்கைக்கோள் செலவு என்று துறைத் தளத்தில் தேடிச் சலித்த எண், சன்சத் தளத்தின் கேள்வி பதில் பகுதியில் ஒரு பக்கத்தில் கிடைத்துவிடும். இன்னொன்று, திட்டத்துக்குக் கடன் கொடுத்தவரின் தளம். ஒகேனக்கல் திட்டத்துக்குக் கடன் தந்தது ஜப்பான் அரசின் ஜைக்கா. தன் கடன் திட்டங்களைப் பற்றிக் கடன் கொடுக்கும் முன் ஒரு மதிப்பீடும், திட்டம் முடிந்த பின் ஒரு மதிப்பீடும் எழுதி வெளியிடுவது அதன் வழக்கம்.

கிடைத்த கோப்பை அன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தளங்களைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் அறுந்துபோவது சாதாரணம். கோப்பின் பெயரில் துறை, தலைப்பு, ஆண்டு மூன்றையும் எழுதிச் சேமியுங்கள்; நாளை இணைப்பு அறுந்தாலும் தலைப்பை வைத்து மறுபடி தேடலாம்.

எங்குமே இல்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு இணையத்திலேயே மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 'எங்கள் ஊரில் ஏன் ஃபுளோரைடு அதிகம்?' என்று கேட்காதீர்கள். காரணமும் கருத்தும் சொல்ல அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல; கையிலுள்ள பதிவைத் தரத்தான் கடமை. 'கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கண்காணிப்புக் கிணறுகளில் 2015 முதல் இன்று வரை எடுத்த மாதிரிகளின் ஃபுளோரைடு அளவு, கிணற்றின் ஆழம், மாதிரி எடுத்த தேதியுடன், மின்கோப்பாக' என்று கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால், தகவல் எந்த அலுவலகத்திடம் இருக்கிறதோ அதற்கு 5 நாட்களுக்குள் மனுவை மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. பதில் தரக் கெடு 30 நாள். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அடுத்த 30 நாட்களுக்குள் எழுதலாம். அதற்குத் தனியாக எந்த வழக்கறிஞரும் தேவையில்லை.